சப்பாத்துச் சத்தம்

செவன் கிங்ஸ், லண்டன்
19 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி குகநாதனுக்கு அக்கா எழுதிக்கொள்வது,

நீயும் கௌசியும் பிள்ளை கம்சிகாவும் சுகமாக இருக்கவேண்டும். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருந்து உன் அத்தான், "போனது போகட்டும், விடு நகுலா" என்பார். நீயும் ஹூஸ்டனில் ஷிப்ட் முடிந்து அரை நித்திரையில் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்பாய். எனக்கு இருக்கிற கோபத்துக்கு உன்னுடைய ஓம் போதாது. எழுதினால் முழுவதையும் வாசித்தே ஆகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பிளேஸ்டோவில் ஒரு செத்தவீடு. அத்தானோடு முன்பு சுவிசில் வேலை செய்தவர். செத்தவீட்டுக்கு நகை போட்டுக்கொண்டு போகிற வழக்கம் நமக்கு இல்லை. எல்லாவற்றையும் கழற்றிச் சாமியறை அலுமாரியில் வைத்துவிட்டுப் போனேன். அதையும் எவனோ படித்து வைத்திருக்கிறான், தம்பி. தமிழர் கறுப்பு உடுத்துக்கொண்டு காரில் ஏறினால் நகை வீட்டில் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது, குளிக்காமல் முன்கதவால் போகக்கூடாது என்று பின்பக்கத்தால் போனோம். பின்கதவு அலவாங்கால் நெம்பிக் கிடந்தது. தாலிக்கொடி முதல் கம்சிகாவுக்கு என்று எடுத்து வைத்திருந்த காப்பு வரை ஒன்றும் இல்லை.

நகை போனது வயிற்றெரிச்சல்தான். ஆனால் என்னைக் கொதிக்க வைப்பது அது இல்லை. சாமியறையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் சப்பாத்து அடையாளம். சேற்றுச் சப்பாத்தோடு பிள்ளையாருக்கு முன்னால் நின்று என் அலுமாரியைக் கிண்டியிருக்கிறான். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒருவரும் சப்பாத்தோடு அந்த வாசலைத் தாண்டியதில்லை. வந்த பொலிஸ்காரர் மரியாதையான ஆள்தான். அடையாளத்தைப் படம் பிடித்தார், பிறகு அதன்மேலேயே மிதித்துக்கொண்டு வெளியே போனார்.

"நான் படுக்கைக்குப் பக்கத்தில் எதை வைத்திருக்கலாம்?" என்று அவரிடம் கேட்டேன். போனை வைத்திருங்கள் என்றார். கேட்டாயா கதையை? அத்தான் வீட்டை விற்றுவிட்டு எங்காவது மாடிக் கட்டடத்துக்குப் போவோம் என்கிறார். நான் மாட்டேன். கள்ளன் சப்பாத்தோடு வருவான், நான் வெறுங்காலோடு வெளியே போகவேண்டுமா? இந்த வீட்டில் பயமில்லாமல் நித்திரை கொள்ள எனக்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

பதில் எழுது.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா நகுலேஸ்வரி


ஹூஸ்டன்
8 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சாப்பிட மனம் வரவில்லை. நாங்கள் இங்கே சுகம். கௌசிக்கு மட்டும் குதிக்காலில் வலி, காலையில் எழும்பிக் காலை ஊன்றவே கஷ்டப்படுகிறாள். கம்சிகா ஒஸ்டினில் படிப்பும் வேலையுமாக இருக்கிறாள்.

அக்கா, எனக்கும் கொதிக்கிறது. வீட்டை உடைத்தவனைப் பிடிக்க முடியாத நாடு, உங்களிடம் மட்டும் கையில் ஒன்றும் வைத்திருக்காதே என்கிறது. என்ன நியாயம் இது? இங்கே அப்படி இல்லை. போன வருடக் கடைசியில் எங்கள் தெருவில் ஒரு கராஜை உடைத்தார்கள். அடுத்த சனிக்கிழமையே நான் பிஸ்டல் வகுப்பில் சேர்ந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை, பயப்படுவீர்கள் என்று.

ஹென்றி, டார்லா என்று புருசனும் பெண்சாதியும் நடத்துகிறார்கள். ஹென்றி இராணுவத்தில் இருந்தவர். டார்லா பொலிசாருக்கே சுடப் பழக்கி ஓய்வு பெற்றவர். முதல் நாள் மத்தியானம் வரைக்கும் குண்டே போட விடவில்லை. கால் எப்படி வைப்பது, இரண்டு கையாலும் எப்படிப் பிடிப்பது, விரலை விசைக்கு வெளியே எப்படி நீட்டி வைத்திருப்பது என்று வெறும் பிஸ்டலோடு நிற்க வைத்ததில் தோள் நொந்துபோனது. இப்போது தாளில் போட்ட ஆளின் நெஞ்சில் ஒரு தட்டு அளவுக்குள் என்னால் அடிக்க முடியும். டார்லா கதவு, பூட்டு, வெளிச்சம் என்று ஒரு மணித்தியாலம் கதைத்தார். அதையெல்லாம் எழுதி உங்களைக் களைப்பாக்கவில்லை.

கௌசியையும் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கேட்டாள், ஒரு வெடி வைத்தாள், "எனக்குக் காணும், போதும்" என்று போய்க் காருக்குள் இருந்துவிட்டாள். வீட்டில் இந்தக் கதையை எடுத்தால் முகத்தைத் திருப்புகிறாள். ஆகையால் நானும் கடிதமாகவே எழுதுகிறேன். போனில் இது வேண்டாம்.

அத்தானின் சர்க்கரை எப்படி? உடம்பைக் கவனியுங்கள்.

அன்புத் தம்பி,
குகநாதன்


செவன் கிங்ஸ்
2 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானின் சர்க்கரை கட்டுக்குள், என் கோபம்தான் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. கௌசிக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிக் குதிக்காலில் தேய்க்கச் சொல்லு.

நீ துவக்குப் பழகுகிறாய் என்று அத்தானுக்குச் சொன்னேன். "துவக்குச் சத்தம் கேளாத இடமாப் பாத்துத்தானே ஓடி வந்தனாங்கள்? அவன் காசு குடுத்தெல்லோ கேக்கிறான்!" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது. நீ ஏதோ செய்கிறாய். நான் இங்கே பகலிலும் படிக்கட்டில் நின்று காது கொடுத்துக்கொண்டு இருக்கிறேன்.

செத்தவீட்டுக்காரரை மறந்துவிட்டு எல்லோரும் என் வீட்டுக்கு வந்துபோகிறார்கள். வாசலிலேயே "எத்தினை பவுண் போச்சுது?" என்கிறார்கள். ஒருவர்கூட, அந்தச் சப்பாத்து அடையாளம் போய்விட்டதா என்று கேட்கவில்லை. போகவில்லை, தம்பி. துணியை எறிந்துவிட்டேன், ஆனால் கண்ணுக்குள் அது கிடக்கிறது.

அத்தான் எனக்குச் சொல்லாமல் வீடு பார்க்க ஏஜென்டைக் கூப்பிட்டிருந்தார். வந்தவனைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். கழற்றினான், காலுறையில் ஓட்டை. வெட்கத்தில் மேல்மாடியைப் பார்க்காமலே போய்விட்டான். நல்லது.

ஒன்று கேட்கிறேன். டார்லா என்ன சொன்னார் என்று விபரமாக எழுது. களைப்பதா இல்லையா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிஸ்டல் எனக்கு இந்த நாட்டில் கிடைக்காது, பூட்டும் வெளிச்சமும் கிடைக்கும் அல்லவா?

அன்புடன்,
அக்கா


ஹூஸ்டன்
25 மார்ச் 2025

அன்புள்ள அக்கா, அத்தான் இருவருக்கும்,

நலம். கௌசிக்கு எண்ணெய் தேய்த்தோம், பெரிய வித்தியாசம் இல்லை.

அக்கா, நீங்கள் எழுதிய சப்பாத்துக் கதை என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதிலிருந்தே ஒரு விதி கண்டுபிடித்திருக்கிறேன். எங்களுடைய வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்கிற எவனும் எங்களுடைய ஆள் இல்லை. யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரர் வீட்டில் இது சரிவராது, அவர்கள் கட்டில் வரைக்கும் சப்பாத்தோடு போவார்கள். எங்களுக்கு மட்டும் காசில்லாமல் கிடைத்த அலாரம் இது! வெறுங்கால் என்றால் வீட்டுக்காரர், சப்பாத்து என்றால் கள்ளன். கண்ணால் பார்க்க முதலே காது சொல்லிவிடும்.

டார்லாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு ஏதோ சொன்னார், பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஹென்றி என் குறியைப் பார்த்து முதுகில் தட்டினார்.

பிஸ்டலைப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். என் விரலை வைத்தால்தான் திறக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் படுக்கிறவன் நான். இப்போதுதான் நிம்மதியாக நித்திரை வருகிறது. உங்களுக்கும் அந்த நித்திரை கிடைக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

அன்புத் தம்பி,
குகநாதன்


செவன் கிங்ஸ்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். கௌசியின் காலைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகாதே, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

இனி நான் சொல்லப்போவதை வாசித்துச் சிரிக்காதே. போன செவ்வாய் நான் மேலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் வெளியே போயிருக்கிறார் என்றுதான் நினைப்பு. கீழே ஹோலில் சப்பாத்துச் சத்தம். கனமான சப்பாத்து, அவசரமில்லாத நடை. எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. பயம் என்று நினைக்காதே, ஆத்திரம். மறுபடியும் வந்துவிட்டானா? சம்பல் இடிக்கிற இரும்பு உலக்கையை இப்போது கட்டிலுக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிக்கொண்டு படியால் பாய்ந்து இறங்கினேன். பெரிய உருவம் ஒன்று குசினி வாசலில் திரும்பியது. நான் ஓங்கியபடி நிற்கிறேன். அந்த மனிதன் இரண்டு கையையும் மேலே தூக்கி, "பொயிலர்! பொயிலர்!" என்று கத்துகிறார்.

அத்தான் தேநீர்க் கோப்பையோடு ஓடி வந்தார். "நகுலா, என்ன விசர் வேலை பாக்கிறாய்? சுடுதண்ணிப் பொயிலர் திருத்த வந்த மனிசனெல்லோ!"

வேலைச் சட்டப்படி அந்தச் சப்பாத்தைக் கழற்றக்கூடாதாம். அதற்கு மேலே நீலப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார் பாவம். தேநீரை நின்றபடியே குடித்தார், உலக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி, ஒன்றை மறைக்கமாட்டேன். உன்னுடைய விதி வேலை செய்தது! காது சொன்னது, கால் ஓடியது, கை ஓங்கியது. ஜனவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் இது என் வீடு என்று எனக்குத் தோன்றியது. நீ கெட்டிக்காரன்தான்.

டார்லா சொன்னதை நீ இன்னும் எழுதவில்லை. மறந்துவிட்டாயா?

அன்புடன்,
அக்கா


ஹூஸ்டன்
20 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொயிலர்காரர் கதையை வாசித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். வகுப்பில் ஹென்றிக்கும் சொன்னேன். உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார். அக்கா, உங்களுக்குள் இருக்கிற துணிவு உலக்கையோடு நிற்கக்கூடாது. நவம்பரில் இங்கே வாருங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்குகிறது, உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். லண்டனில் பிஸ்டல் வைத்திருக்க முடியாதுதான், ஆனால் ஒருமுறை பிடித்துச் சுட்டவரின் பயம் போய்விடும். பிறகு எந்தக் கள்ளன் வந்தாலும் உங்கள் கண்ணைப் பார்த்தே ஓடுவான்.

கௌசியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வெறுங்காலோடு வீட்டுக்குள் நடப்பதுதான் காரணமாம், வீட்டுக்குள்ளும் நல்ல சப்பாத்துப் போடவேண்டுமாம். "வீட்டுக்குள்ள சப்பாத்தோ?" என்று கௌசியே டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

அத்தானுக்கு என் அன்பு. டிக்கெட்டைப் பாருங்கள்.

அன்புத் தம்பி,
குகநாதன்


செவன் கிங்ஸ்
14 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கும் கௌசிக்கும்,

எல்லோரும் சுகம். நவம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அத்தானுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவருக்குச் சொன்னேன், நான் வந்து பழகிவிட்டுத் திரும்பினால் இந்த வீட்டை விற்கிற கதையை அவர் எடுக்கக்கூடாது என்று.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. பக்கத்து வீட்டு லலிதா தமிழ்நாட்டுப் பிள்ளை, இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர். அவளிடம் கௌசியின் குதிக்காலைப் பற்றிச் சொன்னேன். "ஆன்ட்டி, நாங்க ஆபரேஷன் தியேட்டர்ல நாள் முழுக்க நிக்கிறோம், இந்தக் கட்டைச் செருப்புதான் போடுறோம். வீட்டுக்குள்ளயும் போடச் சொல்லுங்க. வெறுங்கால்ல நடந்தா அந்த வலி போகவே போகாது" என்றாள். அவளையே கூட்டிக்கொண்டு இல்போர்ட் கடைத்தெருவுக்குப் போய் அதே மாதிரிக் கட்டைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன்.

கௌசி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். பிடிவாதம் பிடிக்காதே. தெருவில் படாத சப்பாத்து சப்பாத்தே இல்லை, அது மருந்து. சாமியறை வாசலில் மட்டும் கழற்று, மற்ற இடமெல்லாம் போட்டுக்கொண்டு நட.

அன்புடன்,
நகுலேஸ்வரி


ஹூஸ்டன்
10 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பார்சல் வந்தது. உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் அக்கா, அது என்ன சப்பாத்து! எங்கள் மரத்தரையில் டொக் டொக் என்று பறை அடிக்கிறது. பகலில் படுக்கிற எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் தூக்கி வாரிப் போடுகிறது. என் விதி என்ன ஆவது? நான் கழற்றச் சொல்லிவிட்டேன். கௌசிக்கு முகம் சுண்டியது, ஆனாலும் கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

வகுப்பில் இப்போது வீட்டுக்குள் மூலை திரும்புவது, கதவு நிலையை மறைப்பாக வைத்து நிற்பது எல்லாம் பழகுகிறோம். நீங்கள் வரும்போது காட்டுகிறேன்.

அன்புத் தம்பி,
குகநாதன்


செவன் கிங்ஸ்
17 ஓகஸ்ட் 2025

தம்பிக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற மனநிலை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்: கௌசியின் கால் எப்படி?

உனக்கு வெட்கமாக இல்லையா? உன்னுடைய விதிக்காக உன் பெண்சாதி நொண்டவேண்டுமா? பகல் முழுவதும் பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை செய்துவிட்டு வந்து உனக்குச் சமைக்கிறவள் அவள். நான் தேடி வாங்கி அனுப்பிய மருந்தைக் கராஜில் வைக்கச் சொல்ல நீ யார்? நகையைக் கொண்டுபோனவன்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி இப்போது உன்மேல் வருகிறது.

கௌசி, நீ போடு. அவன் நித்திரையில் இருக்கும்போதோ வேலைக்குப் போனபிறகோ போடு. அக்கா சொன்னா என்று போடு. மற்றதை நவம்பரில் நான் வந்து கதைத்துக்கொள்கிறேன்.

டார்லா சொன்னதை இன்னும் எழுதவில்லை. மூன்றாம் தடவை கேட்கிறேன்.

நகுலேஸ்வரி


ஹூஸ்டன்
5 ஒக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. போனும் எடுக்கவில்லை. வேலை கூடிவிட்டது.

எல்லோரும் சுகம். கௌசியின் குதிக்கால் பரவாயில்லை. காதில்தான் ஒரு இரைச்சல் என்கிறாள், குறைந்துவிடும். கொஞ்ச நாளைக்கு ஒஸ்டினில் கம்சிகாவோடு நிற்கிறாள்.

நவம்பரில் வரவேண்டாம். வகுப்பு நடக்காதுபோல இருக்கிறது. டிக்கெட்டை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குகநாதன்


ஒஸ்டின்
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்களும் அண்ணையும் சுகமாக இருக்கவேண்டும். நான் கம்சிகாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தம்பி உங்களுக்கு எழுதினார் என்று சொன்னார். என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் சுகம் என்று எழுதியிருப்பார்.

செப்டெம்பரில் ஒரு நாள் கிளினிக்கில் கரண்ட் போய், மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழமையாக நான் வரும்போது அவர் எழும்பியிருப்பார். அன்றைக்கு நல்ல நித்திரை. எழுப்பக்கூடாது என்று கராஜ் கதவால் சத்தமில்லாமல் வந்தேன். கால் உயிர் போகிற வலி. கராஜில் நீங்கள் அனுப்பிய சப்பாத்து இருந்தது. அவர் நித்திரைதானே, மச்சாளும் போடச் சொன்னா என்று போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பகல்தான், ஆனால் அவர் படுப்பதற்காகத் திரையெல்லாம் இழுத்து மூடி வீடு இருட்டாக இருந்தது. ஹோலால் நாலைந்து அடி நடந்திருப்பேன்.

வெடித்தது. என் வலது பக்கம், அரிசி வைக்கிற அலுமாரிக்குள்ளே போனது. உலகம் முழுவதும் ஒரு விசில் சத்தமாகிவிட்டது. கண் மட்டும் வேலை செய்தது. அலுமாரிக் கதவின் ஓட்டையாலே அரிசி கொட்டிக்கொண்டே இருந்தது, மச்சாள். அவர் அறை வாசலில், பழக்கினபடியே கதவு நிலைக்குப் பின்னால், இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். நான் "அப்பா" என்று கத்தினேனோ என்று எனக்கே தெரியாது.

அவர் பிஸ்டலைக் கீழே இறக்கினார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? இடது காதில் கேட்டது. "ஏன் சப்பாத்தோட வந்தனீ?" என்றார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டார், வந்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை, அழுதார். எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒரு கேள்வியை என்னால் விழுங்க முடியவில்லை. உயிரோடு நிற்கிறேனா என்று கேட்கவில்லை. என்னிடம் நியாயம் கேட்டார். முப்பது வருடம் அந்த மனிதனுக்குச் சமைத்துப் போட்ட நான், சப்பாத்துப் போட்டதும் அவருடைய ஆள் இல்லாமல் போய்விட்டேன்.

நீங்கள் டார்லா சொன்னதை எழுதச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அவர் எழுதமாட்டார், நான் எழுதுகிறேன். முதல் நாள் நானும் அங்கே இருந்தேன். டார்லா சொன்னார்: நல்ல பூட்டுப் போடு. பின்கதவுக்கு ஆள் வந்தால் எரிகிற வெளிச்சம் போடு. சத்தம் கேட்டால் அறைக்குள் நின்று கதவைப் பூட்டிப் பொலிசைக் கூப்பிடு, வெளியே தேடிப் போகாதே. யார் என்று கண்ணால் காணாமல் விசையில் விரலை வைக்காதே. எல்லாவற்றுக்கும் முதல், வாயைத் திறந்து 'யாரது?' என்று கேள். வீட்டில் குண்டு பட்டவர்களில் வீட்டுக்காரரையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னார்.

இவர் தன்னுடைய சப்பாத்து விதியைச் சொன்ன அன்றும் நான்தான் கூட்டிப்போக வந்திருந்தேன். டார்லா முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "கள்ளனும் சப்பாத்தைக் கழற்றலாம், உன் மனைவியும் போடலாம். காலைக் கேட்காதே, ஆளைக் கேள்" என்றார். காருக்குள் ஏறியதும் இவர் சொன்னார், "அவைக்கு எங்கட பழக்கம் விளங்காது" என்று.

உங்கள்மேலும் எனக்குக் கோபம்தான், மச்சாள், மறைக்கமாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்காகச் சப்பாத்துச் சப்பாத்து என்று ஆளுக்காள் சூடேற்றிக்கொண்டீர்கள். பொயிலர்காரரை வாசித்து இவர் சிரித்த சிரிப்பை நான் குசினியில் நின்று கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாமான் வீட்டை விட்டுப் போகாமல் நான் போகமாட்டேன். காதுக்கு வைத்தியம் நடக்கிறது.

அண்ணையின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கௌசி


செவன் கிங்ஸ்
26 ஒக்டோபர் 2025

குகநாதன்,

நாங்கள் சுகம். உன் சுகத்தைக் கேட்கவில்லை, கௌசி எல்லாவற்றையும் எழுதிவிட்டாள்.

கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி கொட்டிய இடத்தில் என்னால் வாசிக்க ஏலாமல் போனது, மிச்சத்தை அவர் வாங்கி வாசித்தார். நீ கேட்ட கேள்விக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இவன் மனிசனோ?" என்றார். ஜனவரியிலிருந்து அவருடைய வாயில் ஒரு கோபச் சொல் வராதா என்று காத்திருந்தேன். உன்னால் வந்தது.

ஏன் சப்பாத்தோட வந்தனீ! டேய், நான் சொல்கிறேன் ஏன் என்று. நான் வாங்கினேன், நான் அனுப்பினேன், நீ நித்திரை என்றால் போடு என்று நான்தான் எழுதினேன். உன் விதியைக் கெட்டித்தனம் என்று கைதட்டியதும் நான்தான். உன்னைத் திட்ட எடுக்கிற ஒவ்வொரு சொல்லும் பாதி வழியில் திரும்பி என்னையே பார்க்கிறது. ஆனாலும் திட்டுவேன். என் பங்குக்கு நான் வெட்கப்படுகிறேன், உன் பங்கை நான் சுமக்கமாட்டேன்.

அந்தப் பொயிலர்காரரை நினைத்து ஒரு கிழமையாக எனக்கு நித்திரை இல்லை. நானும் யார் என்று கேட்கவில்லை. நானும் சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடினேன். உலக்கை ஓங்க நேரம் எடுத்தது, அதற்குள் அந்த மனிதனுக்கு ஒரு சொல் சொல்ல முடிந்தது. அதனால்தான் நாம் இரண்டு பேரும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். உன் கையில் இருந்ததற்கு அந்த நேரம் தேவைப்படவில்லை. இதைத்தானா எனக்குப் பழக்க என் பெயரைக் கொடுத்தாய்?

டார்லா சொன்ன ஐந்து வரியை எழுத உனக்கு எட்டு மாதம் போதவில்லை. உனக்குப் பிடித்ததை எழுதினாய், உன்னைத் தடுத்ததை விட்டுவிட்டாய். அவர்களுக்கு எங்கள் பழக்கம் விளங்காதாம்! அந்த மனுசி ஒரு நாளில் விளங்கிக்கொண்டது, உன்னோடு முப்பது வருடம் வாழ்ந்தவளைப் பற்றி உனக்கு விளங்கவில்லை.

கௌசியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதன்கிழமை ஆளைக் கூப்பிட்டுப் பின்கதவுக்கு நல்ல பூட்டும் வெளிச்சமும் போட்டேன். உலக்கை குசினிக்குத் திரும்பிவிட்டது. வீட்டை விற்கிற கதையை அத்தானும் எடுக்கவில்லை.

இனி நீ செய்யவேண்டியது. அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கொண்டுபோய் டார்லாவிடமோ எவரிடமோ சட்டப்படி கொடுத்துத் தொலை. பிறகு ஒஸ்டின் போ. கௌசியின் இடது பக்கத்தில் இரு, வலது காது அவளுக்கு இன்னும் சரியில்லை. அவள் சொல்வதையெல்லாம் கேள். மன்னிப்புக் கேட்க முதல் உன் கேள்வியைத் திரும்ப எடு. அவள் வராவிட்டால் வற்புறுத்தாதே.

டிக்கெட்டை நான் மாற்றவில்லை. நவம்பரில் வருகிறேன், சுடப் பழக அல்ல. உன் வீட்டுக் கதவுத் திறப்பைக் கௌசியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, நீ படுத்திருக்கிற பகலில் வருவேன். கராஜில் இருக்கிற அந்தச் சப்பாத்தை நானே காலில் மாட்டிக்கொண்டு, உன் மரத்தரையில் டொக் டொக் என்று உன் அறை வாசல் வரைக்கும் நடப்பேன்.

நீ கட்டிலில் கிடந்தபடியே வாயைத் திறந்து, "ஆரது?" என்று கேட்கவேண்டும். கேட்டால் நான் சொல்வேன், "அக்காடா" என்று.

நகுலேஸ்வரி